மறியல் நாளில் கல்லா காலி: தண்டல் வாங்கலாமா?

கேள்வி: மதுரைக் கோட்டத்துச் சிறிய ரயில் நிலையம் ஒன்றில் டீ, வடை ஸ்டால் நடத்துகிறேன். தினசரி விற்பனை 9,000 ரூபாய். சரக்குக்கு 5,000 (பாதி பால், மாவு, சட்னி, மீதி பாக்கெட் அயிட்டம்). இரண்டு ஆள் கூலி, உரிமக் கட்டணம், கரண்ட் எல்லாம் 2,200. போன மாதம் கடையடைப்பு, மறியல் என்று ஐந்து நாள் வியாபாரம் படுத்துவிட்டது. தண்டலில் 10,000 எழுதி 8,500 கையில் தருகிறார்கள்; தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 1,500தானே என்று தோன்றும். ஆனால் மறுநாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால், 100 நாளில் சராசரியாக உங்களிடம் இருப்பது வாங்கிய பணத்தில் பாதிதான். கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. கடை பூட்டிய நாளிலும் தண்டல்காரர் வருவார்.

பூட்டிய நாளின் நட்டம் 9,000 அல்ல. சரக்குப் போடாவிட்டால் 2,200. போட்டுவிட்டு, கெடும் பாதிச் சரக்கு 2,500 வீணானால் 4,700. உங்களால் தவிர்க்க முடிவது இந்த வித்தியாசத்தைத்தான். அறிவிப்பு வந்த அன்று மாலையே பால்காரரிடம் அளவைக் குறைத்துச் சொல்லுங்கள். எந்தெந்த வண்டி ரத்து என்று நிலையத்தில் கேட்டபிறகே உளுந்து ஊறட்டும். ஆட்டிய மாவை ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மறுநாள் நீர்விட்டு, வடை எண்ணெய் குடிக்கும். எண்ணெய்ச் செலவும் ஏறும். தேங்காய்ச் சட்னி மதியம் தாண்டாது.

மறியல் கதை வேறு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டக்காரர்கள் வைகைப் பாலத்தில் ரயிலை மறித்தார்கள். அப்படி ஒரு வண்டி உங்கள் நிலையத்தில் நின்றுவிட்டால் தண்ணீர், பன், பிஸ்கட் பறக்கும். இரண்டு கேஸ் தண்ணீர் கூடுதலாக வைத்திருப்பதில் நட்டமில்லை, அது கெடாது. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ரயில்வே உதவி எண் 139க்கு ஒரு புகார் போனால் அபராதத்தில் லாபம் கரையும்.

இப்போதைய பள்ளத்துக்கு வங்கி நகைக்கடன் போதும். வட்டி தண்டலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். நகை இல்லையென்றால் சிறு வியாபாரிகளுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 வரை அடமானமின்றிக் கேட்கலாம். உரிம நகலும் யுபிஐ வரவு தெரியும் வங்கிக் கணக்கு விவரமும் எடுத்துப் போங்கள்.

கடன் அடைந்ததும், 1,800 லாபத்தில் தினம் 200 தனிக் கணக்கில் போகட்டும். 77 நாளில் 15,400 சேரும். ஏழு நாள் பூட்டினாலும் கூலி, கட்டணம் தாங்கும்.

பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற சிறுதொழில் காப்பீட்டு பாலிசி எடுத்திருந்தால், அது கலவரத்தில் உடைந்த ஸ்டாலுக்கும் சரக்குக்கும் ஈடு தரும். நடக்காத விற்பனைக்குத் தராது. உடைந்ததைக் கூட்டி அள்ளும் முன் படம் எடுங்கள், போலீஸில் எழுதிக் கொடுங்கள், காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்க்கட்டும்.

உரிமக் கட்டணத்தில் கழிவு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். தேதி, ரத்தான வண்டி எண் போட்டுக் கோட்ட வணிகப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை கட்டணத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உரிமமே சிக்கலாகும்.