ஒன்றாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி?

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது முடிகிறது. நடந்து போகும் தூரத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 28 குழந்தைகள், இரண்டு ஆசிரியர்கள். எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு மெட்ரிக் பள்ளி; வேன் கட்டணத்தோடு ஆண்டுக்கு 48,000 ரூபாய். கணவரின் சம்பளம் மாதம் 22,000. சொந்தக்காரர்கள் எல்லாரும் மெட்ரிக் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இரண்டு பள்ளிகளுக்கும் நேரில் போங்கள். கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றின் நோட்டை வாங்கி, அதிலுள்ள ஒரு சொல்லை வேறு தாளில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். என்னிடம் வந்த யுகேஜி சிறுவன் ஒருவன் ‘எலிஃபன்ட்’ என்று ஆங்கிலத்தில் முத்துமுத்தாக எழுதினான். கடைசி மூன்று எழுத்துகளை விட்டு மற்றதை விரலால் மறைத்தேன். மிச்சமிருந்தது ‘ஆன்ட்’, எறும்பு. அவனால் வாசிக்க முடியவில்லை. அந்தச் சொல்லைப் படம்போல வரையத்தான் பழகியிருந்தான். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அரசுப் பள்ளியிலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க வேண்டாம். இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழும். போன மாதம் எத்தனை நாள் அப்படி நடந்தது, ஒன்றாம் வகுப்பை யார் எடுக்கிறார் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மூன்று வகுப்புக் குழந்தைகள் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு பதற வேண்டாம். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், குழந்தையின் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் கற்பிக்கிறார்கள்.

பல பெற்றோர் கவனிக்காத ஒன்று, பயிற்று மொழி. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் போதும். தொடக்கக் கல்வி எங்கே என்பது அதைப் பாதிக்காது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் தரும் 20 சதவீத முன்னுரிமை அப்படியல்ல. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். அரசுப் பள்ளியிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் இருக்கின்றன. எதில் பெயர் எழுதுகிறார்கள் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மெட்ரிக் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டப்படி தரும் 25 சதவீத இலவச இடத்தை நம்ப வேண்டாம். ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கே அங்கு முன்னுரிமை.

என் கருத்து: ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் மீது உங்களுக்கு நம்பிக்கை வந்தால், ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள். வீட்டு மொழியில் வாசிக்கப் பழகிய குழந்தைக்கு ஆங்கிலம் பாரமாக இருக்காது. 48,000 என்பது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஆண்டுதோறும் அது ஏறும். மிச்சமாகும் அந்தப் பணத்தில் மாதம் 300 ரூபாயைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கதைப் புத்தகங்களுக்கு ஒதுக்குங்கள்.

பொங்கல் விடுமுறையில், அவள் பார்த்திராத நான்கு வரியை வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் ஆசிரியரிடம் பேசுங்கள். ஆண்டு முடிவிலும் அப்படியே இருந்தால், இரண்டாம் வகுப்புக்கு மெட்ரிக் பள்ளியில் இடம் கேட்கலாம்.