நீலகிரியில் மீன் தொட்டித் தண்ணீர் எத்தனை முறை மாற்றினாலும் பச்சையாகிவிடுகிறதே, என்ன செய்வது?

கேட்டவர் சொன்ன விவரம்: ஊட்டியில் வீடு, மூன்றடித் தொட்டி, நாலு தங்கமீன், ஹீட்டர் கிடையாது. வாரம் இரண்டு தடவை பாதித் தண்ணீரை மாற்றுகிறார், இரண்டு மூன்று நாளில் மறுபடி பச்சை. கடையில் கொடுத்த மருந்தை ஊற்றினால் கொஞ்ச நாள் தெளிகிறது, அப்புறம் பழைய கதை.

நான் குன்னூர்க்காரன். எங்கள் வீட்டுத் தொட்டியிலும், மச்சான் வீட்டுத் தொட்டியிலும் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். தண்ணீர் மாற்றுவது மீனுக்கு நல்லதுதான், ஆனால் பச்சைக்கு அது மருந்து இல்லை. பல வீடுகளில் அதுதான் பச்சைக்குச் சாப்பாடே போடுகிறது.

முதலில் ஒரு வெள்ளைக் கப்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் அது பாக்டீரியாப் பெருக்கம். புதுத் தொட்டியில் வரும், பெரும்பாலும் தானே அடங்கும். டீ நிறமாக இருந்தால் மரக்கட்டையின் சாயம். மெய்யாகவே பச்சை என்றால் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. ஃபில்டர் பஞ்சின் துளைகள் வழியே தாராளமாகப் போய்வரும். வெளிச்சமும் உரமும் கிடைத்தால் ஒரே நாளில் இரட்டிப்பாகும். அதனால் நீங்கள் பாதியைக் கொட்டியதை அது மறுநாளே ஈடுகட்டிவிடும்.

ஆக, வெளிச்சமும் உரமும் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க வேண்டும். சமவெளிக்காரர்கள் சொல்லும் அறிவுரை நமக்கு முழுசாகப் பொருந்தாது. அவர்கள் வெயிலுக்குப் பயந்து தொட்டியை உள்ளே வைக்கிறார்கள். நாம் குளிருக்குப் பயந்து, கண்ணாடி அடைத்த வராந்தாவில், காலை வெயில் நேராக விழும் இடமாகப் பார்த்து வைக்கிறோம், மீனுக்குக் கொஞ்சம் சூடாக இருக்கட்டுமே என்று. ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே அடிக்கும் வெயிலுக்குப் பாசி கொண்டாடும். தங்கமீன் குளிர் நீர் மீன், அதற்கு அந்த வெயில் தேவையே இல்லை. தொட்டியை உள் சுவருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் ஜன்னல் பக்கக் கண்ணாடியில் கறுப்பு சார்ட் ஒட்டுங்கள். விளக்குக்கு ஒரு டைமர் போட்டு, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள்.

(ஜூன், ஜூலையில் மழையும் மூடுபனியும் வந்து வாரக்கணக்கில் வெயில் இல்லாதபோது தண்ணீர் தானாகவே தெளியும். அந்தச் சமயத்தில் வாங்கிய மருந்துக்கெல்லாம் நல்ல பெயர் கிடைத்துவிடும்.)

அடுத்தது உரம். பாசிக்கு மிகப் பிடித்தது அம்மோனியா. மீன் கழிவிலிருந்தும் மக்கிய தீவனத்திலிருந்தும் வருவது. ஃபில்டரில் வாழும் பாக்டீரியாதான் அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியா சுறுசுறுப்பாக இருப்பது 25 டிகிரிக்கு மேல். டிசம்பரில் ஹீட்டர் இல்லாத தொட்டி 12 டிகிரி வரை இறங்கும்போது அது ஏறக்குறைய தூங்கிவிடும். கோயம்புத்தூரில் நாலிலிருந்து ஆறு வாரத்தில் பக்குவமாகும் (அதாவது ஃபில்டரில் இந்த பாக்டீரியா போதுமான அளவு பெருகும்) தொட்டி இங்கே அதைப் போல இரண்டு மடங்கு காலம் எடுத்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். மீனுக்கும் குளிரில் செரிமானம் மந்தம். டப்பாவில் எழுதியிருக்கிறபடி தினம் இரண்டு வேளை போட்டால் பாதி வீண்தான். குளிர் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போதும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் போடவே வேண்டாம். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கசக்கி அலசும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். குளோரினில் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்தால் போதும்.

இன்னொன்று, நம் மலைத் தண்ணீர் பொதுவாக மென்னீர், அதாவது சுண்ணாம்பு உப்பு குறைந்தது. அம்மோனியாவை மாற்றும் வேலையில் பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். அது தீர்ந்தால் பி.எச். சரிந்து, பாக்டீரியாவும் வேலையை நிறுத்திவிடும். ஒரு சின்னத் துணிப்பையில் உடைத்த சிப்பி ஓடு போட்டு ஃபில்டருக்குள் வையுங்கள். தங்கமீனுக்கும் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் ஒத்துவரும்.

இதையெல்லாம் செய்தும் தீராத தொட்டிகளில் நான் சந்தேகப்படுவது ஊற்றுகிற தண்ணீரை. கேத்திப் பள்ளத்தாக்கு மாதிரி கேரட், உருளைக்கிழங்கு போடும் சரிவுகளுக்குக் கீழே உள்ள கிணறு, ஊற்று, மோட்டார் தண்ணீராக இருந்தால், மேலே போட்ட உரம் மழையோடு இறங்கி அதில் சேர வாய்ப்புண்டு. மச்சான் வீட்டில் இதுதான் நடந்தது. தொட்டித் தண்ணீரை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தார். கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தபோது நைட்ரேட் தொட்டியைவிட அதிகம். நைட்ரேட்டும் பாசிக்கு உரம்தான். அவர் மாற்ற மாற்றப் பச்சை ஏன் கூடியது என்பது அப்போதுதான் விளங்கியது. அதனால் சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, குழாய்த் தண்ணீரை முதலில் சோதியுங்கள். நைட்ரேட் அதிகமாக வந்தால் கூரையிலிருந்து பிடித்த மழைத் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். முதல் மழையை விட்டுவிட்டு அப்புறம் பிடியுங்கள்.

காரணத்தைச் சரிசெய்த பிறகுதான் இருக்கிற பச்சையை ஒழிக்கும் வேலை. செலவு பரவாயில்லை என்றால் யு.வி. (புற ஊதாக் கதிர்) ஃபில்டர் வாங்குங்கள். உள்ளே இருக்கும் விளக்கின் கதிர் பாசியின் டி.என்.ஏ.வைச் சிதைத்து, அது மேலும் பெருகாமல் செய்துவிடும். மூன்றடித் தொட்டிக்கு 9 முதல் 11 வாட் போதும். இராப்பகலாக ஓடவிட்டால் ஒரு வாரத்துக்குள் கண்ணாடி மாதிரி தெளியும். எரியும் விளக்கை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. கண்ணாடியில் ஒட்டிய பாசியை இது தொடாது, அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

காசு செலவழிக்க மனமில்லையா, தொட்டியை மூன்று நான்கு நாள் கம்பளியால் முழுசாக மூடுங்கள். விளக்கு இல்லை, தீவனம் இல்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஆனால் ஏர் பம்பு கட்டாயம் ஓட வேண்டும். சாகும் பாசி ஆக்சிஜனை இழுக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே வெப்பநிலையில் கடலோரத்தைவிட ஏறக்குறைய கால்வாசி குறைவாகத்தான் இங்கே ஆக்சிஜன் தண்ணீரில் கரையும். குளிர்ந்த தண்ணீர் அதை ஓரளவு ஈடுகட்டும். ஹீட்டர் போட்டு வெப்பமண்டல மீன் வளர்ப்பவர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. மரம் விழுந்து கரண்ட் போகும் மாதத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள், அல்லது பேட்டரி பம்பு ஒன்று கைவசம் வைத்துக்கொள்ளுங்கள். மூடியை எடுத்ததும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். செத்த பாசி அம்மோனியாவாகத் திரும்பி வரும் என்பதால் இந்த மாற்றம் மட்டும் தவறக்கூடாது. யு.வி.க்கும் இதே விதிதான்.

பாசி மருந்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பலவற்றில் செம்பு இருக்கும், நத்தையும் இறாலும் தாங்காது. கொன்ற பாசியின் உரமும் தொட்டியிலேயே கிடக்கும்.

இதற்கிடையில் பயப்பட வேண்டாம். பச்சைத் தண்ணீர் மீனுக்கு விஷமில்லை. ஜப்பானில் ரஞ்சு வகைத் தங்கமீன் வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே பச்சையாக வைத்திருப்பார்கள். பார்க்க முடியவில்லை என்ற வருத்தம் நமக்குத்தான்.

தெளிந்த பிறகு உரத்தைப் பங்குபோட வேகமாக வளரும் செடி ஏதாவது விடுங்கள். ஹார்ன்வோர்ட் குளிரைத் தாங்கும், ஆனால் தங்கமீன் கொஞ்சம் கடிக்கும். மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி தொங்கவிட்டால் அதுவும் நைட்ரேட்டை உறிஞ்சும். வெட்டி எடுத்த செடியை ஓடையிலோ ஏரியிலோ வீசாமல் வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.