உள்ளே மீண்டும் எழுதிய ‘லெட்’தான் பிழை

உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் செய்நிரலில், மேலே அறிவித்த ‘மொத்தம்’ என்ற மாறியை (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரை) ‘தொடக்க மதிப்புப் பெறுமுன் அணுக முடியாது’ என்று ஏன் சொல்கிறது எனக் கேட்டிருந்தீர்கள். பிழை நீங்கள் ஐயப்படும் முதல் வரியில் இல்லை; சார்பின் (ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பின்) உள்ளே ‘லெட் மொத்தம் = மொத்தம் + விலை’ என்று அதே பெயரை மறுபடி அறிவித்த வரியில் இருக்கிறது. ‘லெட்’ (let) என்பது புதிய மாறியை அறிவிக்கும் சொல். அங்குள்ள ‘லெட்’டை மட்டும் நீக்கினால் உங்கள் திருநெல்வேலிச் சந்தை மாம்பழக் கணக்கு ஓடும்.

அந்தச் செய்தி வருவதன் காரணம் இதுதான். நெளிவு அடைப்புக்குறிக்குள் லெட் அல்லது அதுபோன்ற கான்ஸ்ட் (const) கொண்டு ஒரு பெயரை அறிவித்தால், அந்தத் தொகுதி முழுவதிலும் அப்பெயர் உள் மாறியையே குறிக்கும். சமன்குறியின் வலப்பக்கமே முதலில் கணிக்கப்படுவதால், இன்னும் மதிப்பே பெறாத அந்த உள் மாறியைத்தான் செய்நிரல் வாசிக்க முயல்கிறது. தமிழில் பெயரிட்டது குற்றமல்ல. ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்கும்.

உறுதிசெய்ய, இடப்பக்கப் பெயரை மட்டும் ‘மொத்தம்2’ என மாற்றி ஓட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை ஏறாது, ஆனால் பிழைச்செய்தி மறைந்தால் காரணம் இதுவே.

லெட்டுக்குப் பதிலாக வார் (var) என்ற பழைய அறிவிப்புச் சொல்லைப் போடுமாறு யாராவது சொன்னால் கேட்காதீர்கள். செய்தி போய்விடும், ஆனால் விலை 450 ஆக இருந்தாலும் விடையாக ‘எண் அல்ல’ (NaN) என்ற மதிப்பே சத்தமின்றி வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்டின் 2015ஆம் ஆண்டுத் தரநிலையில் லெட்டைக் கொண்டுவந்ததன் பயன்களில் ஒன்று, இவ்வாறான தவறு உடனே வெளிப்படுவது.