மூன்று வயதில் சொற்கள் குறைவா? முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 3 வயது 3 மாதம். 60, 70 சொற்கள்தான் பேசுகிறான். "பால் வேணும்", "அப்பா வண்டி" என்று இரண்டு சொல் சேர்ப்பதோடு சரி. ப்ரீகேஜி மிஸ், "வொகாபுலரி கம்மி, வீட்டில் சொல் விளையாட்டு விளையாடுங்கள்" என்றார். ஃபிளாஷ் கார்டு, ஆப் எல்லாம் வாங்கிவிட்டேன். 'ர' இன்னும் வரவில்லை. வீட்டில் தமிழ், தெலுங்கு இரண்டும் பேசுகிறோம். மாமியார் நாக்கில் வசம்பு தேய்க்கிறார். யூடியூபில் சில வீடியோக்கள் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. காக்கா வந்தால் கைகாட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். பொம்மை டம்ளரில் பாட்டிக்குக் காபி ஆற்றிக் கொடுப்பான். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் கண்டுகொள்வதில்லை, டிவியை ஒட்டி உட்காருகிறான். அடிக்கடி சளி, வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்குகிறான். சளிக்கு வீட்டில் இருக்கும் சிரப்பைக் கொடுக்கிறேன். எந்த விளையாட்டு நல்லது? - வாசகி, ஈரோடு

மருத்துவர் பதில்:

எந்த வீடியோ என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஆட்டிசமோ என்ற பயம்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். காக்காயைக் காட்டிவிட்டு "நீயும் பார்த்தாயா?" என்று உங்கள் முகத்தைத் தேடுகிறான். இல்லாத காபியை ஆற்றிப் பாட்டிக்குக் கொடுக்கிறான். இரண்டும் நல்ல அறிகுறிகள். கடிதத்தை வைத்து நான் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வார். ஆனால் இந்தக் குழந்தையைப் பார்க்காத யாரோ பேசிய பத்து நிமிட வீடியோவை இன்றே நிறுத்துங்கள்.

என்னை உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. டிவியை ஒட்டி உட்காருகிறான். ஓயாத சளி, வாய் வழியாக மூச்சு, குறட்டை. இவை ஐந்தும் ஒரே குழந்தையிடம் சேர்ந்து வந்தால் முதலில் பார்க்க வேண்டியது காது.

இந்த வயதில் மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும், சாய்வு குறைவாகவும் இருக்கும். சளியாலோ, மூக்குக்குப் பின்னால் வீங்கிய அடினாய்டு என்ற சதையாலோ அது சரியாக வேலை செய்யாமல் போனால், செவிப்பறைக்குப் பின்னால் பிசுபிசுப்பான நீர் தேங்கிவிடும். பெரும்பாலும் வலியும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு வெளியே பேசுவதைக் கேட்பதுபோல அவனுக்குக் கேட்கும். ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகிவிடும். நாமோ "பிடிவாதக்காரன்" என்று பெயர் வைத்துவிடுவோம்.

தமிழில் பொருளை மாற்றுவது பெரும்பாலும் சொல்லின் கடைசிப் பகுதிதான். 'வரும்', 'வராது', 'பூனைக்கு', 'பூனையை'. மெல்லிய குரலில் முதலில் தேய்ந்து போவதும் அந்தக் கடைசிப் பகுதிதான். பாதி கேட்கும் காதோடு ஒரு குழந்தை எத்தனை சொல்லைச் சேர்த்து வைக்கும்?

தட்டைத் தட்டிப் பார்த்தோம், திரும்பினான் என்று நிறைய பேர் என்னிடம் சொல்வார்கள். இந்தக் குழந்தைகளுக்குத் தட்டுச் சத்தம் கேட்கும். பேச்சுதான் தெளிவாகக் கேட்காது. பிறந்தபோது செய்த காது பரிசோதனை சரியாக இருந்ததே என்பார்கள். இந்த நீர் அதற்கப்புறம் தேங்குவது.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருக்கிறதா என்று பார்க்கும் டிம்பனோமெட்ரி என்ற பரிசோதனை சில நிமிடத்தில் முடிந்துவிடும், ஊசி கிடையாது. சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையை டப்பாவில் போடச் சொல்லி, விளையாட்டாகவே கேட்கும் திறனையும் அளந்துவிடலாம். நீர் இருந்தாலும் பதற வேண்டாம். பல குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வடிந்துவிடும். வடியாமல் கேட்கும் திறனும் குறைந்திருந்தால் மட்டுமே சின்ன அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். காதில் எண்ணெய் விடாதீர்கள். அது செவிப்பறைக்கு அந்தப் பக்கம் போகவே போகாது.

அந்தச் சளி சிரப்பை மட்டும் உடனே தூக்கி எறியுங்கள். குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் என்ற இரண்டு சளி மருந்துகளும் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-லேயே எச்சரித்திருக்கிறது. வசம்பும் வேண்டாம். அது சொல்லைக் கொண்டு வராது, வயிற்றைத்தான் கெடுக்கும். பாட்டியைக் கடிந்துகொள்ளாமல், அவருக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள். கீழே வருகிறது.

'ர' வராதது இந்த வயதில் ஒரு குறையே இல்லை. இரண்டு மொழியாலும் பேச்சு தாமதமாகாது. தெலுங்குச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். ஆனால் மூன்று வயதில் மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேச வேண்டும். அதனால் காது சரியாக இருந்தாலும் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பது கட்டாயம். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் டிஇஐசி என்ற குழந்தைகள் மையம் இருக்கிறது, இலவசம்.

சரி, விளையாட்டுக்கு வருவோம். ஃபிளாஷ் கார்டைக் கட்டி வையுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பெயர்கள். யானை, ஆப்பிள், பஸ் என்று அடுக்கினால் வாக்கியம் வராது. வாக்கியத்துக்கு வினைச்சொல் வேண்டும். வினைச்சொல் நிறைந்து கிடக்கும் இடம் உங்கள் சமையலறை. பாட்டி கீரை ஆயும்போது அவனை எதிரில் உட்கார வைக்கட்டும். கிள்ளு, உதறு, அலசு, பிழி. அவன் கை செய்யும் அதே நொடியில் அந்தச் சொல் காதில் விழ வேண்டும். வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, கடலை உடைப்பது எல்லாமே பாடம்தான்.

ஒரு துணிப்பையில் சீப்பு, கூழாங்கல், ஸ்பூன், எலுமிச்சம்பழம் போட்டுக் கையை விட்டுத் தடவச் சொல்லுங்கள். சொரசொர, வழவழ, சில்லுனு. இந்த ஓசைச் சொற்கள் தமிழ்க் குழந்தைகளுக்குக் கிடைத்த வரம். பெயர் வராத குழந்தைக்குக்கூட 'தொப்புனு' சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அவன் செருப்பை உங்கள் கையில் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். உங்களைத் திருத்தியே தீர வேண்டும் என்று அவனுக்குப் பேச்சு முட்டிக்கொண்டு வரும்.

"இது என்ன? சொல்லு, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். நீங்கள் சொல்லுங்கள், அப்புறம் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். அந்த மௌனம் மிகவும் முக்கியம், நம் வீடுகளில் அதைத்தான் யாரும் கொடுப்பதில்லை. அவன் "பால் கொட்டி" என்றால், "தப்பு" என்று சொல்ல வேண்டாம். "ஆமா, பால் கொட்டிடுச்சு. தரையெல்லாம் பால்!" என்று ஒரு படி நீட்டித் திருப்பிக் கொடுங்கள். காது தெளிவாகும் வரை இதெல்லாம் முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில், டிவியும் மிக்சியும் ஓடாத நேரத்தில் நடக்கட்டும். ஆப் வேண்டவே வேண்டாம். அது அவனுக்காகக் காத்திருக்காது.

முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொற்கள் அவனிடமிருந்து காணாமல் போனால் மட்டும் எதற்கும் காத்திராமல் குழந்தை நல மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, அவன் தானாகச் சொல்லும் சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். திருத்தி எழுதாதீர்கள். தண்ணியை 'ண்ணி' என்றால் 'ண்ணி' என்றே எழுதுங்கள். எந்த ஒலி அவனுக்குக் கேட்கவில்லை என்பதற்கு அந்தத் தாளிலேயே துப்பு கிடைக்கலாம்.