பள்ளியின் கணினிப் பிரிவுக்கு எந்த டிக்கெட் மென்பொருள்?

கேள்வி: மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் என மூன்று ஊர்களில் கிளைகள் உள்ள பள்ளி எங்களுடையது. கணினிப் பிரிவில் மூன்றே பேர். புகார்கள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வந்து குவிகின்றன. எதைச் சரிசெய்தோம், எதை விட்டோம் என்பதே தெரியவில்லை. ஒவ்வொரு புகாரையும் எண் போட்டு 'டிக்கெட்'டாகப் பதியும் மென்பொருள்களில் எதை வாங்கலாம்?

பதில்: முதலில் ஆசிரியர் பக்கமிருந்து பாருங்கள். வகுப்பு தொடங்கிவிட்டது, புரொஜெக்டர் வரவில்லை. அந்த நேரத்தில் லாகின் செய்து பத்துக் கட்டங்களை நிரப்பச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் ஒரே மாதத்தில் வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிடுவார்கள். அதனால் மின்னஞ்சல் வந்தாலே டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் மென்பொருளாகத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம் ஒவ்வொரு கருவியிலும் ஒரு கியூஆர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஸ்கேன் செய்தால் உங்கள் உதவி முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் திறக்க வேண்டும். தலைப்பில் "8-பி, புரொஜெக்டர், எண் 27" என்று முன்பே இருக்க வேண்டும். ஆசிரியர் "படம் தெரியவில்லை" என்று தமிழிலேயே இரண்டு சொல் எழுதி அனுப்பினால் போதும்.

அந்தக் கருவி எண்ணை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. நான் உதவப் போன ஒரு பள்ளியில் ஒரே புரொஜெக்டருக்கு மாறி மாறி ஆள் போய் கேபிளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். எண்ணோடு பதிவு செய்யத் தொடங்கிய பிறகுதான் புகார்கள் எல்லாம் ஒரே கருவியில் இருந்து வருவது தெரிந்தது. கேபிளில் பழுதே இல்லை. சொருகும் இடத்தில் எச்டிஎம்ஐ போர்ட் ஆடிப்போயிருந்தது.

சரி, எதை வாங்குவது? லினக்ஸ் சர்வரைப் பராமரிக்கத் தெரிந்தவர் உங்கள் மூவரில் ஒருவர் இருந்தால் ஜிஎல்பிஐ என்பேன். இலவசம், திறந்த மூலம் (நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கும்). டிக்கெட்டும் கருவிப் பட்டியலும் ஒரே இடத்தில் இருக்கும். ஓஎஸ்டிக்கெட் இன்னும் எளிது, ஆனால் அதில் கருவிப் பட்டியல் கிடையாது. சர்வர் வேலைக்கு ஆள் இல்லையென்றால் ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க் போன்ற, சர்வரை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் கிளவுட் சேவைக்குப் போங்கள். இவற்றில் பதில் சொல்பவர்களின் எண்ணிக்கைக்குத்தான் கட்டணம். புகார் அனுப்பும் ஆசிரியர் நூறு பேர் இருந்தாலும் கணக்கில் வர மாட்டார்கள். மூன்று பேருக்கும் தனித்தனி லாகின் வாங்குங்கள். ஒரே லாகினைப் பகிர்ந்தால் யார் எதைச் செய்தார் என்ற பதிவே இருக்காது.

ஜிஎல்பிஐ என்றாலும் சர்வரைப் பள்ளிக்குள் வைக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது உங்கள் பக்கம் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் யுபிஎஸ் போவதும் புதிதல்ல. மன்னார்குடியில் கரண்ட் போனால் கும்பகோணத்துக் கிளையின் புகாரும் சேர்ந்து நின்றுவிடக் கூடாது. இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வரில் வையுங்கள். பேக்கப்பை வேறொரு இடத்தில் வையுங்கள்.

டிக்கெட்டில் மாணவர் பெயர், எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் மாணவருக்குத் தரும் எண்), பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்கள் குழந்தைகள். அவர்களுடைய தரவுக்குக் கூடுதல் கட்டுப்பாடு உண்டு.

பணம் கட்டும் முன் ஒரே ஒரு கிளையில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். அந்த இரண்டு வாரமும் வாட்ஸ்அப்பில் வரும் புகாரை நீங்களே டிக்கெட்டாகப் பதிந்து, அதன் எண்ணை அதே குழுவில் பதிலாகப் போடுங்கள். "என் டிக்கெட் என்ன ஆச்சு?" என்று ஆசிரியர்களே எண்ணைச் சொல்லிக் கேட்க ஆரம்பித்த பிறகு மற்ற இரண்டு கிளைகளுக்கும் கொண்டுபோகலாம்.