வரிசையில் நின்றால் ஒற்றுமை வந்துவிடுமா?

கேள்வி: 2022இல் பெற்றோல் வரிசையில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் எல்லோரும் ஒன்றாக நின்றார்களே. இனி எரிபொருள் அருக அருக இன அரசியல், இடது–வலது அரசியல் எல்லாம் தானாகவே காலாவதியாகிவிடும் அல்லவா? – வாசகர், வவுனியா

பதில்: ஒன்றாக நின்றது உண்மைதான். 13 மணிநேர மின்வெட்டு வந்தபோதுதான், 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவை வெல்லவைத்த கொழும்பு மாவட்டத்திலேயே சனம் மிரிஹானையில் அவர் வீட்டை முற்றுகையிட்டது. அப்புறம் காலிமுகத்திடல் போராட்டத்தில் தேசிய கீதத்தைத் தமிழில் பாடினார்கள், மே 18இல், இறுதிப் போரில் இறந்த தமிழர்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சிகூடக் கொடுத்தார்கள். ஒரு வருடம் முந்தி யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

சரி, ஆனால் வடக்கு ஏன் அந்தளவுக்குத் துள்ளவில்லை? 1990இல் அரசு தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றறியும் யாழ்ப்பாணத்துக்குள் வரவே கூடாது. காபிரேட்டரில் நாலு துளி பெற்றோல் விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் புகைகக்க ஓடிய மோட்டார் சைக்கிளும், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தட்டுப்பாடு எந்தப் பிளவை அழித்தது? பிளவு இருந்ததால்தானே தட்டுப்பாடே வந்தது! யாருக்கு முதலில் நிறுத்துவது என்று யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார், அரசியல் அங்கேதான் இருக்கிறது.

2022இலும் அதேதான். எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. ஓட்டோ ஓடிப் பிழைப்பவனுக்கு ஐந்து, கார்க்காரருக்கு இருபது (இதற்கு ஒரு விளக்கம் நிச்சயம் வைத்திருந்திருப்பார்கள்). ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. அடி விழுந்தது மண்ணெண்ணெயில் படகு ஓட்டும் நீர்கொழும்புக் கடற்றொழிலாளிக்கும் யாழ்ப்பாணக் குருநகர்க் கடற்றொழிலாளிக்கும் சேர்த்துத்தான், ஆனாலும் இருவரும் ஒரே கட்சியாகிவிடவில்லை.

பழைய கோடுகள் அசைந்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. 2020 பாராளுமன்றத் தேர்தலில் 3 ஆசனம் எடுத்த தேசிய மக்கள் சக்தி 2024இல் 159 எடுத்தது, யாழ்ப்பாணத்தில் ஆறில் மூன்று, வன்னியிலும் முதலிடம். இடதுசாரி வழிவந்த அந்த அரசுதான் இன்று ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வேலைத்திட்டத்தை நடத்திக்கொண்டு போகிறது, நீங்கள் சொல்லும் இடது–வலது அந்தப் பக்கம்தான் காணாமல் போனது.

ஆனால் 2025இல் மன்னாரைப் பாருங்கள். எண்ணெய்க்கு மாற்று என்று காற்றாலைக் கோபுரங்களை ஏற்றிவந்தால், எங்கள் தீவில் வேண்டாம் என்று சனம் வீதியில் இருந்தது, பொலிஸார் வந்து தள்ளினார்கள். கோபுரம் வந்தால் வெள்ளம் வடியாது, மீன்பாடு கெடும் என்கிறார்கள் அவர்கள். மின்சாரமோ வேறெங்கோ போகிறது. இந்தச் சனத்தை இனவாதி என்பதா, வளர்ச்சிக்கு எதிரி என்பதா? கொழும்பில் இருப்பவர்களுக்கு இரண்டில் ஒன்று சொன்னால்தான் நிம்மதி. வவுனியாவிலிருந்து மன்னாருக்கு ஒரே பஸ்தான், ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள்.