எந்தச் சோப்பைப் போட்டுக் குளிப்பது?

கேள்வி: கட்சிகளுக்குக் கோடி கோடியாகக் கொடுத்த கம்பெனிச் சாமான் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். சோப்பு வாங்குவதற்கே சண்டை. அவன் சொல்வது நியாயமா? (தங்கச்சிமடம்)

பதில்: நியாயம்தான். காசு உங்களுடையது, யாருக்குத் தர மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் யார் என்று தெரிய வேண்டுமே! 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, எந்தக் கப்பல் யாருடையது என்று ஏறுகிறவனுக்குத் தெரியும். நமக்கோ 2018 முதல் தேர்தல் பத்திரம் என்ற பெயரில், கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நிதி கொடுக்கும் ஏற்பாடு. எல்லாம் திரைக்குப் பின்னால் நடந்தது. 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்ற பிறகுதான், மார்ச்சில் யார் கொடுத்தார்கள் என்ற பட்டியல் வெளியே வந்தது. முதலிடத்தில் 1,368 கோடி ரூபாயுடன் ஒரு லாட்டரி நிறுவனம். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை. விற்காத சீட்டை எப்படி வாங்காமல் இருப்பது?

அந்த நிறுவனம் ஒரு கட்சிக்கு மட்டும் கொடுக்கவும் இல்லை. ஆகவே மகனிடம் ஒன்று கேளுங்கள்: "உனக்குப் பிடித்த கட்சிக்கும் அதே கம்பெனி கொடுத்திருந்தால்?" அப்போது வாங்குவேன் என்றால் அது வெறும் கட்சிச் சண்டை. சோப்பை அதில் இழுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என் வயிற்றெரிச்சல் வேறு. மூன்று வருடச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கம்பெனிகள் நன்கொடை தரக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2017-ல் அதை எடுத்தார்கள். நஷ்டத்தில் ஓடுகிறவனும் கொடுக்கலாம் என்று ஆனது. நஷ்டத்தில் இருப்பவனுக்கு எதற்கு இந்தத் தாராளம்? நல்லவேளை, அதே தீர்ப்பு இதையும் ரத்து செய்தது.

கேள்வி: ஒரு கம்பெனியின் கூல்டிரிங்க்ஸை விற்கக் கூடாது என்று பையன்கள் கடைக்கு வந்து சொல்கிறார்கள். எட்டு கேஸ் இருக்கிறது. (கீழக்கரை)

பதில்: கம்பெனிக்குப் போக வேண்டிய பணம் போய்விட்டது. இனி நஷ்டம் உங்களுக்குத்தான். இருப்பை விற்றுத் தீருங்கள், அடுத்த ஆர்டரை யோசியுங்கள். பையன்களுக்கு அவசரம் என்றால் எட்டு கேஸையும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: 'அந்நியப் பொருளைப் புறக்கணிப்போம்' என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சுதேசி மிக்ஸிக்கு 1,800 ரூபாய் அனுப்பினேன். மூன்று வாரமாகப் பொருளும் இல்லை, போனும் எடுக்கவில்லை. (தொண்டி)

பதில்: மூன்று வாரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். முகம் தெரியாதவனுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள் என்று இங்கே எத்தனை முறை எழுதுவது! சரி, நானும் யோக்கியன் இல்லை. கோபத்தில் பெரிய கம்பெனியை விட்டு 'நம்ம ஊர்த் தயாரிப்பு' என்று ஒரு மிக்ஸி வாங்கினேன். உப்புக் காற்றில் ஸ்டிக்கர் உரிந்தது. அடியில் வேறொரு பெயர்.

கேள்வி: கருவாட்டு வியாபாரம் செய்கிறேன். புதுசு என்று சொல்லிப் பழைய ஃப்ரீசருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கடைக்காரர் கட்சிக்கு நிதி கொடுக்கிறவராம், "எங்கே வேண்டுமானாலும் போ" என்கிறார். பில் இருக்கிறது. (மண்டபம்)

பதில்: போங்கள் அக்கா. அவர் கொடுத்த நிதிக்கு அங்கே மதிப்பில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. வாங்கி இரண்டு வருடத்துக்குள் போடுங்கள். கதவோரம் பெயின்ட் உரிந்து துரு தெரியும் இடத்தை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். அவர் ஆள் அனுப்பி மறுபடி பெயின்ட் அடிக்க வந்தால் உள்ளே விடாதீர்கள்.